பெரியமேட்டுத் தோலில் ரோமானிய பெல்ட்: எது தேறும், எது தேறாது

முதல் நூற்றாண்டு ரோமானியப் படைவீரனின் அலங்கார பெல்ட்டை வட சென்னையை விட்டு வெளியே போகாமலே செய்து முடிக்கலாம். தோலுக்குப் பெரியமேடு, பித்தளைக்குச் செம்புதாஸ் தெரு, மெழுகு, நவச்சாரம், குங்கிலியத்துக்கு ராசப்ப செட்டி தெரு, அச்சுக்கு வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கத்து லேத் பட்டறை, கடைசியாக ஈயம் பூசுகிறவர். இத்தனையில் பெரியமேட்டுக்கும் ஈயக்காரருக்கும் முழு மதிப்பெண் கொடுக்கலாம். ஆன்லைனில் ‘ரோமன் பெல்ட் செட்’ என்ற பெயரில் விற்கிற ரெடிமேட் பித்தளைத் தகடுகளுக்குத்தான் கொடுக்க மனசு வரவில்லை. காரணம் கீழே இருக்கிறது.

இது யாருக்கு வேண்டும் என்று கேட்பவர்கள் பெரிய வெள்ளிக்கு ராயபுரம், காசிமேடு தேவாலயப் பங்குகளில் சிலுவைப்பாதை நாடகம் பார்க்காதவர்களாக இருப்பார்கள். ஆண்டுதோறும் ரோமானியச் சிப்பாய்க்குக் கட்டுவது ரெக்ஸின் பட்டையில் தங்க பெயின்ட் அடித்த சமாச்சாரம். வெயிலில் மூன்று மணி நேரம் நடந்தால் பெயின்ட் வேர்வையோடு உடையில் ஒட்டிவிடும். நாடகக் குழு, சினிமா ஆர்ட் டிபார்ட்மென்ட், பள்ளிக் கண்காட்சி என்று யார் செய்தாலும், ஒருமுறை ஒழுங்காகச் செய்தால் இருபது வருஷம் உழைக்கும் பொருள் இது.

முதலில் எந்த பெல்ட் என்று தீர்மானிக்க வேண்டும். இயேசுவைச் சிலுவைக்கு அனுப்பிய ஆளுநர் பிலாத்து காலம் என்றால் ரோமப் பேரரசர் திபேரியுஸ் ஆட்சி, கி.பி. 14 முதல் 37 வரை. அந்தக் காலத்து பெல்ட் நாலைந்து சென்டிமீட்டர் அகலத் தோல் வார்தான். அதன்மேல் சதுரத்தை ஒட்டிய உலோகத் தகடுகள் வரிசையாக ரிவிட் அடிக்கப்பட்டிருக்கும். பக்கிள் ஆங்கில ‘டி’ எழுத்து வடிவில், உள்பக்கம் இரண்டு சுருள்களோடு, கீல் வைத்து மடங்கும்படி இருக்கும். குத்துவாளைத் தொங்கவிட இரண்டு கொக்கித் தகடுகள் உண்டு. வாளுக்கு ஒன்று, குத்துவாளுக்கு ஒன்று என இரண்டு பெல்ட்டை இடுப்பில் குறுக்கே கட்டுவதும் வழக்கம். ஜெர்மனியின் பாட் க்ரொய்ட்ஸ்நாக் நகரில் இருக்கிற அன்னையுஸ் டாவெர்சுஸ் என்ற வீரனின் கல்லறைக் கல்லில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். அவன் லெஜியன்காரன்கூட இல்லை, அதாவது ரோமக் குடிமக்களின் முதன்மைப் படையைச் சேர்ந்தவன் இல்லை, நாலாவது டல்மாத்தியத் துணைப்படை ஆள். பிலாத்துவிடம் இருந்ததும் பெரும்பாலும் துணைப்படைதான், ஆகவே நாடகத்துக்கு இந்தக் கல்லே நல்ல மாதிரி. நெதர்லாந்தில் வெல்சன் கோட்டைக் கிணற்றுக்குள் கிடைத்த வீரனின் எலும்புக்கூட்டோடு பெல்ட் தகடுகளும் குத்துவாளும் கிடைத்திருக்கின்றன. அளவு பார்க்க அதுவும் உதவும்.

சினிமாவில் வருகிற, உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புத் தோலும் நடுவில் சிங்க முகமும் வைத்த பெல்ட்டை மறந்துவிடுங்கள்.

இனி பெரியமேடு. சைடன்ஹாம்ஸ் சாலையும் அதிலிருந்து பிரியும் சந்துகளும் தோலுக்கென்றே இருப்பவை. சென்ட்ரலிலிருந்து நடந்தே போகலாம். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் பல கடைகள் சாத்தியிருக்கும், அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு போங்கள். சரக்குக்குக் குறையே இல்லை. ஆனால் இங்கே குவிந்திருப்பதில் பெரும்பகுதி குரோமில், அதாவது குரோமிய உப்பில், பதனிட்ட தோல். ஷூ, ஹேண்ட்பேக், ஜாக்கெட் எல்லாவற்றுக்கும் அதுதான் ஓடுகிறது. நமக்கு வேண்டியதோ மரப்பட்டையில் பதனிட்டது. கடையில் நடக்கிற பேச்சு அநேகமாக இப்படித்தான் இருக்கும்:

“பாய், பட்டைத் தோல் வேணும். மூணரை எம்.எம்., முதுகுப் பக்கம், நாலடி நேரா வரணும்.”

“பெல்ட்டுக்கா? குரோம் எடுத்துக்குங்க சார், சாஃப்டா இருக்கும், கலரும் ரெடியா இருக்கு.”

இங்கேதான் நழுவக் கூடாது. குரோம் தோல் மென்மைதான், தண்ணீருக்கும் தாங்கும். ஆனால் ரிவிட் துளை நாளடைவில் முட்டை வடிவத்துக்கு இழுபட்டுவிடும், வெட்டிய ஓரத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்க முடியாது, எவ்வளவு எண்ணெய் போட்டாலும் பழந்தோலின் நிறம் வராது. அந்தக் காலத்தில் குரோம் பதனீடே கிடையாது, அது 19ஆம் நூற்றாண்டு சமாச்சாரம். பட்டைத் தோல் என்றால் உடனே புரிந்துகொண்டு எடுத்துக் கொடுக்கிற கடைகள் பெரியமேட்டில் இருக்கின்றன. மரப்பட்டை, கடுக்காய், புங்க எண்ணெய் சேர்த்துப் பதனிட்ட ‘ஈ.ஐ.’ (ஈஸ்ட் இந்தியா) தோல் தமிழ்நாட்டின் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. திருச்சி, திண்டுக்கல், ஈரோடு பக்கமிருந்து வரும், இள மஞ்சள் கலந்த பழுப்பு நிறம், வாசனையிலேயே தெரியும். ஒரே குறை, பெரும்பாலும் செருப்பு மேல்பாகத்துக்கான கனத்தில்தான் வரும். மூன்றரை மில்லி ஒற்றைத் தோலாகக் கிடைக்காவிட்டால் இரண்டு மில்லிக்குக் கொஞ்சம் குறைவான தோலை இரண்டு அடுக்காக ஒட்டிச் சுற்றிலும் தைத்துவிடலாம். எருமைத் தோல் கனமாகக் கிடைக்கும், ஆனால் மேல்பரப்பு முரடு, இழுவையும் அதிகம். அடித்தோல், அதாவது சோலுக்கான நாலைந்து மில்லித் தோல், இடுப்பில் வளையவே மறுக்கும். அதை எடுத்தால் அங்கேயே ஸ்பிளிட்டிங் மெஷினில் கொடுத்து மூன்றரைக்கு இறக்கி வாங்குங்கள். இந்த ஜாப் வொர்க் பக்கத்துச் சந்திலேயே நடக்கிறது. சின்னத் துண்டு என்று முகம் சுளிப்பதும் இல்லை, இது பெரியமேட்டின் பெரிய பலம்.

கடைக்காரர் ‘பட்டைத் தோல்தான்’ என்று சத்தியம் செய்தாலும் சோதித்துப் பாருங்கள். வெட்டிய ஓரம் நடுவரை பழுப்பாக இருக்க வேண்டும், நடுவில் நீலச் சாம்பலோ பச்சையோ ஓடினால் குரோம். ஒரு துளி தண்ணீர் விட்டால் பட்டைத் தோல் உடனே உறிஞ்சிக் கறுக்கும், அந்த ஈரத்தில் நகத்தால் அழுத்தினால் தடம் அப்படியே நிற்கும். இன்னும் சந்தேகமென்றால் துருப்பிடித்த ஆணியை வினிகரில் ஒருநாள் ஊறவைத்த தண்ணீரைச் சின்ன பாட்டிலில் எடுத்துப் போகலாம். ஒரு சொட்டு பட்டால் பட்டையிலுள்ள டானினும் இரும்பும் சேர்ந்து சில நொடிகளில் மை மாதிரிக் கறுத்துவிடும். குரோம் தோலில் அப்படி ஆகாது. இரண்டுவகைப் பதனீடும் கலந்த தோலும் சந்தையில் உண்டு. அதுவும் கொஞ்சம் கறுக்கும், ஆனால் அதன் வெட்டோரம் காட்டிக்கொடுத்துவிடும்.

தோலைச் சதுர அடிக் கணக்கில்தான் விற்பார்கள், பக்கத் தோலாக, அதாவது முதுகெலும்போடு இரண்டாக வெட்டியதில் ஒரு பாதியை, முழுசாக எடுக்கச் சொல்வார்கள். வயிற்றுப் பக்கம் வேண்டாம், தொளதொளவென்று இழுபடும். முதுகெலும்பை ஒட்டிய ஓரத்தில், அதன் நீளவாக்கிலேயே வெட்ட வேண்டும். 90 சென்டிமீட்டர் இடுப்புக்குக் கணக்கு இப்படி வரும். உடை மேலேயே அளவெடுங்கள், தோல் கனத்துக்காக ஒரு சென்டிமீட்டர் கூட்டுங்கள், நுனிக்கு 18 சென்டிமீட்டர். ஆக மொத்தம் 109, வெட்டும்போது 115. அகலம் 4.2. நம்மூர் மாடு சிறியது, பக்கத் தோலில் நாலடி நேராகத் தழும்பில்லாமல் கிடைப்பதே அதிர்ஷ்டம். ஆகவே விரித்துக் காட்டச் சொல்லி, மாடு கட்டிய கயிற்றுத் தடம், உண்ணிக் கடித் தழும்பு எல்லாம் பார்த்து எடுங்கள். விரித்துக் காட்டச் சோம்பல்படாத கடையே நல்ல கடை, அதற்கு மேல் பெயர் சொல்லிப் பரிந்துரைக்க ஒன்றும் இல்லை. மிச்சத் தோல் வீணாகாது, குத்துவாள் உறைக்கும் முன்னால் தொங்கவிடும் வார்களுக்கும் அதுவே போதும்.

அதே தெருக்களில் ரிவிட், பக்கிள், வளையம் என்று பெட்டி பெட்டியாக இருக்கும். கையை அடக்குங்கள். இரண்டு துண்டாக வந்து அமுக்கினால் பூட்டிக்கொள்கிற ரெடிமேட் ரிவிட்டுகள் பெரும்பாலும் இரும்பின் மேல் பித்தளை முலாம். சட்டைப் பையில் ஒரு காந்தம் வைத்திருந்தால் பொய் வெளிப்பட்டுவிடும். பட்டைத் தோலில் இரும்பு பட்ட இடமெல்லாம் முதல் வேர்வையிலேயே கறுப்பு வளையம் விழும், ஆணி வினிகரில் பார்த்த அதே விளைவுதான். ரிவிட்டை 2 மி.மீ. பித்தளைக் கம்பியிலிருந்து நாமே செய்துகொள்வதுதான் வழி.

பித்தளைக்குச் செம்புதாஸ் தெருவும் சுற்றியிருக்கிற ஹார்டுவேர் சந்துகளும். ஞாயிறு போகாதீர்கள், ஜார்ஜ் டவுன் முழுக்கச் சாத்தியிருக்கும். இங்கே வியாபாரம் கிலோவில், மொத்தத்தில். ஒரு சதுர அடி கேட்டால் நிமிர்ந்துகூடப் பார்க்காத கடைகளும் உண்டு, வெட்டி எடை போட்டுத் தருகிற கடைகளும் உண்டு. 26 கேஜ் தகடு, அதாவது அரை மில்லிக்குச் சற்றுக் குறைந்த கனம், ஒரு சதுர அடி சுமார் 360 கிராம் இருக்கும், பத்துத் தகடுக்கு அது தாராளம். பக்கிள் தகட்டுக்கும் கீலுக்கும் 22 கேஜ், ஒரு கையகலத் துண்டு. பக்கிளுக்கு 4 மி.மீ. தகடு. இங்கே செய்யும் பிழை ‘பித்தளைத் தகடு’ என்று பொதுவாகக் கேட்பது. கையில் வருவது பாதிக் கடினமாக உருட்டிய தகடாக இருக்கும். அதில் அச்சு அடித்தால் ஓரம் கிழியும். எழுபதுக்கு முப்பது செம்பு, துத்தநாகம் கலந்த, ‘டீப் டிரா’வுக்கான சாஃப்ட் தகடு என்று சொல்லிக் கேளுங்கள். ரோமானிய ராணுவப் பித்தளையில் துத்தநாகம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான், அதனால் நம் தகட்டைவிடச் சற்றுச் சிவந்த பொன்னிறம். மேலே ஈயம் பூசப் போகிறோம் என்பதால் அந்த வித்தியாசத்துக்காக அலைய வேண்டியதில்லை.

எந்தத் தகடானாலும் அச்சுக்கு முன்னால் சூடேற்றி இளக்க வேண்டும். நிழலான இடத்தில் வைத்து, மங்கலான சிவப்பு தெரிந்ததும் நிறுத்தி, தண்ணீரில் போடுங்கள். பிரகாசமான சிவப்பு வரை போனால் துத்தநாகம் வெள்ளைப் புகையாகப் போகத் தொடங்கும், அந்தப் புகை உடம்புக்கு ஆகாது, தகடும் நொறுங்கும். மேலே படிந்த கறுப்பு, கெட்டியாகக் கரைத்த புளித் தண்ணீரில் இரவு முழுக்கக் கிடந்தால் போய்விடும். அந்தப் பாத்திரத்தில் இரும்புக் கிடுக்கி படக் கூடாது, பட்டால் தகட்டின்மேல் செம்பு படிந்து இளஞ்சிவப்பாகிவிடும்.

அச்சு விஷயத்தில் புத்திசாலித்தனம் காட்டினால் பெரிய செலவு மிச்சம். திபேரியுஸ் காலத்துத் தகடுகளில், ரோமை நிறுவியதாகக் கதை சொல்லும் இரட்டையர் ரோமுலுஸ், ரேமுஸ் இருவருக்கும் பால் கொடுக்கிற ஓநாய், வேட்டைக் காட்சி, பேரரசரின் மார்பளவுச் சிலை என்று நிறைய உண்டு. ஆனால் மிகச் சாதாரணமாகக் கிடைக்கிற அலங்காரம், நடுவில் ஒரு குமிழும் அதைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்களும். வட்டம் என்றால் லேத் வேலை! ஐந்து சென்டிமீட்டர் விட்ட இரும்புக் கட்டையில் வட்ட வரிகளைக் கடைந்துகொடுக்க எந்த லேத் பட்டறையும் போதும். உயரம் ஒன்றரை மில்லியைத் தாண்ட வேண்டாம், ஒவ்வொரு வரியின் முனையும் அரை மில்லியாவது உருண்டிருக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கூர்முனை விட்டால் அது தகட்டை அறுத்துவிடும். அச்சின்மேல் தகடு, தகட்டின்மேல் இரண்டு சென்டிமீட்டர் கனக் கெட்டி பாலியூரித்தேன் ரப்பர், இப்படி அடுக்கி ஃபிளை பிரஸ்ஸில் (கையால் சுழற்றி அழுத்துகிற திருகு பிரஸ்) ஒரு அழுத்து. உருவம் பாதிதான் விழுந்தால் வெறியோடு மீண்டும் அழுத்தாமல், தகட்டை எடுத்து மறுபடி இளக்கிவிட்டு அழுத்துங்கள். ரப்பருக்குப் பதில் காரீயத் தகடு வைத்து அடிக்கச் சொல்வார்கள் சிலர். வேலை நடக்கும், ஆனால் ஒட்டிய காரீயத் துணுக்கோடு அடுத்தமுறை சூடேற்றினால் அந்த இடத்தில் பித்தளை கெட்டுப்போகும்.

ஓநாய்த் தகடு ஒன்றிரண்டாவது வேண்டும் என்பவர்கள் அதற்கென எஃகு அச்சு வெட்ட வேண்டாம். செங்கல் தூளும் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிய அரக்குக் கட்டையில் தகட்டை ஒட்டி, பின்னாலிருந்து தட்டி எழுப்பி, முன்னாலிருந்து கோடு போடலாம். குங்கிலியம் ராசப்ப செட்டி தெருவில் எத்தனை ரகம் வேண்டுமானாலும் கிடைக்கும். சென்னை மே மாதத்தில் அரக்கு இளகிக் குழையும், அப்போது செங்கல் தூளைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

தகட்டின் அளவு 4.8க்கு 4.4 சென்டிமீட்டர். உயரம் தோலைவிட இரண்டு மில்லி கூடுதல், மேலும் கீழும் ஒரு மில்லி வெளியே நீட்டித் தோலின் ஓரத்தை மறைக்கும். அந்த ஓரத்தை அரம் போட்டு மழுக்காவிட்டால் உடையை அறுத்துவிடும். பலர் விடுகிற இன்னொரு வேலை, தகட்டை வளைப்பது. 90 சென்டிமீட்டர் இடுப்பில் 4.8 அகலத் தகடு நடுவில் சரியாக இரண்டு மில்லி குவிந்திருக்க வேண்டும். தட்டையாகவே விட்டால் வளைவு முழுவதும் இடைவெளிகளில் மட்டும் விழும், மூன்றரை மில்லித் தோல் அந்தச் சின்ன இடைவெளியில் மடங்க மறுத்து ஓர ரிவிட்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கும். வளைத்தபிறகும் தகட்டுக்குத் தகடு நாலு மில்லி இடைவெளி விடுங்கள்.

இப்போது அந்த ரெடிமேட் செட். பார்க்கப் பளபளவென்று இருக்கும், ஓநாயும் தெளிவாக இருக்கும். ஆனால் வார்ப்பு, இரண்டு மில்லி கனம். ஒரு தகடே 36 கிராம், பத்துத் தகடு 360 கிராம். மெல்லிய தகட்டில் அச்சடித்தால் மொத்தமே 80 கிராம்தான். அந்தக் கனத்தில் பெல்ட் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கும். தட்டையான தகடு, வளைக்கப் போனால் விரிசல் விடும். பின்னால் ரிவிட்டுக்குப் பதில் மடக்குகிற பற்கள், இரண்டாவதுமுறை மடக்கினால் கையோடு வரும். பக்கிளின் நாக்கு சட்டத்தைத் தொடாமல் நிற்பதும் சகஜம். இதற்குக் கொடுக்கிற காசில் பித்தளை, அச்சு, ஈயம் மூன்றும் முடிந்துவிடும். மேடை நாடகத்தில் பத்தடி தள்ளி நிற்பவனுக்குத்தான், அதுவும் நாளைக்கே வேண்டும் என்றால், வாங்கலாம்.

பக்கிள்தான் மொத்த வேலையில் கடினமான பாகம். சௌகார்பேட்டைப் பக்கம் நகை காஸ்டிங் பட்டறைகளில் மெழுகு மாதிரி கொடுத்து வார்க்கலாம் என்று தோன்றும். தங்கம், வெள்ளி வார்க்கிற அச்சில் பித்தளையை ஊற்ற அவர்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. துத்தநாகம் ஆவியாகி உள்ளே பொத்தல் விழும், அந்தப் பொத்தல் வந்து உட்காருவது சரியாக நாக்கு மாட்டுகிற மெல்லிய கம்பியில். அதைவிட 4 மி.மீ. தகட்டில் வரைந்து நகைக்காரர் வாளால் அறுத்து அரம் போடுவது உறுதி. உள் திறப்பு 2.6 சென்டிமீட்டர். அப்படியென்றால் 4.2 அகல வாரின் நுனி 2.4க்குக் குறுகி வர வேண்டும். தகடு வைத்த பாகம் பக்கிளுக்குள் நுழையாது என்பதை மறந்து, ஓட்டைக்கு ஒட்டியே தகடு அடித்துவிட்டுப் பிறகு பெல்ட்டை இறுக்க முடியாமல் நிற்பவர்கள் நிறைய. கடைசித் தகட்டுக்கும் நீங்கள் வழக்கமாக மாட்டப்போகிற ஓட்டைக்கும் நடுவில் ஐந்து சென்டிமீட்டராவது வெறும் தோல் இருக்கட்டும்.

கீலுக்கு 22 கேஜ் தகட்டில் மூன்று நாக்குகள் வெட்டி இரண்டரை மில்லிக் கம்பியைச் சுற்றி உருட்ட வேண்டும். மடிப்புக் கோடு, தகடு ஆலையில் உருட்டப்பட்ட திசைக்குக் குறுக்காக விழட்டும். திசையை எப்படிக் கண்டுபிடிப்பது? தகட்டைச் சாய்த்துப் பார்த்தால் மெல்லிய கோடுகள் ஒரே பக்கமாக ஓடும், அதுதான். அந்தக் கோட்டோடு சேர்த்து மடித்தால் வெளிவளைவில் வெடிக்கும். பற்றவைக்க வேண்டிய இடங்களில் வெங்காரம் போட்டு வெள்ளிப் பற்றில்தான் ஊத வேண்டும். மின்சாதனங்களுக்கு வைக்கிற சாதா சால்டர் 183 டிகிரியிலேயே இளகிவிடும். அடுத்த கட்டத்தில் ஈயம் பூசும்போது 232 டிகிரிக்கு மேல் போக வேண்டியிருக்கிறது. பற்றவைத்தது எல்லாம் கண்முன்னே உதிரும்.

ரோமானியத் தகடுகள் பலவற்றின் மேல் வெள்ளி மாதிரித் தெரிகிற பூச்சு, வெள்ளீயம். இதற்கு எலெக்ட்ரோபிளேட்டிங் கடைக்குப் போனால் நிக்கல்தான் போடுவார்கள். கண்ணாடிப் பளபளப்பு, சைக்கிள் ஹேண்டில்பாரை இடுப்பில் கட்டின மாதிரி இருக்கும். தவிர, கீல் குழாய்க்குள் தங்கிய அமிலம் மாதக் கணக்கில் கசிந்து பச்சை பூக்கும். நம் தெருக்களில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசிக்கொண்டிருந்தவர்கள் செய்கிற அதே வேலைதான் இங்கே வேண்டியது. இன்றைக்கு ஆள் குறைவு. பழைய வண்ணாரப்பேட்டை, மூலக்கொத்தளம் பக்கம் பாத்திரக் கடைகளில் விசாரித்தால் யாராவது கைகாட்டுவார்கள். பிரியாணி அண்டா வாடகைக்கு விடுகிறவர்களுக்கு நிச்சயம் ஒருவரைத் தெரிந்திருக்கும்.

முறை எளிது. தகட்டைச் சூடாக்கி, நவச்சாரப் பொடி தூவி, ஈயக் கட்டியைத் தொட்டு, பஞ்சால் ஒரே இழுப்பில் துடைப்பது. அண்டாவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 26 கேஜ் தகடு நேரே கரி உலையில் பட்டால் நொடியில் நெளியும், ஆகவே கனமான இரும்புத் தட்டின்மேல் வைத்துச் சூடேற்றச் சொல்லுங்கள். “அண்ணே, லேசா பூசினா போதும், கோடு மூடிடக் கூடாது” என்று ஒரு வார்த்தை அவசியம். அண்டாவுக்குக் கனமாகப் பூசுவதுதான் பெருமை என்பதால் வட்ட வரிகளெல்லாம் ஈயத்தில் மூழ்கிவிடும். பஞ்சை வரியோடு வட்டமாகச் சுழற்றித் துடைத்தால் அலங்காரம் பிழைக்கும். ஈயத்தைச் சுத்த வெள்ளீயமாக நாமே வாங்கிக் கொடுப்பது நல்லது. காரீயம் கலந்தால் சில வாரத்தில் சாம்பல் பூத்து மங்கும், கையிலும் ஒட்டும். அதிகம் சூடானால் பூச்சு மஞ்சளடித்துக் கரகரப்பாகும், அப்படியானால் இறக்கி ஆறவைத்து மீண்டும் நவச்சாரத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான். நவச்சாரப் புகை நெஞ்சைப் பிடிக்கும், காற்றோட்டமான இடத்தில் நின்று பாருங்கள். சில தகடுகளை ஈயம் பூசாமல் பித்தளையாகவே விட்டு மாற்றி மாற்றி அடுக்கினால் கண்ணுக்கு நன்றாக இருக்கும், ஆனால் எல்லாம் ஒரே நிறமாக இருப்பதுதான் பாதுகாப்பான தேர்வு.

பூசி முடித்தபிறகு தகட்டின் பின்பள்ளத்தை நிரப்ப வேண்டும், இல்லையேல் கட்டைவிரல் அழுத்தத்திலேயே வட்டங்கள் அமுங்கும். அரக்கு நிரப்பலாம். வெயிலில் நிற்கிற நாடகத்துக்கு எம்-சீல்தான் சரி, யாரும் பின்பக்கத்தைப் பார்க்கப்போவதில்லை. ஈயத்துக்கு முன்னால் நிரப்பினால் உலையில் புகைந்துபோகும்.

ரிவிட்டுக்குத் தகட்டில் இரண்டு மில்லி ஓட்டை, தோலில் 1.8. தோல் ஓட்டை இறுக்கமாக இருப்பதுதான் உயிர். பின்பக்கம் ஆறேழு மில்லி விட்டத்தில் பித்தளை வாஷர் போடுங்கள். தோல் 3.5, தகடு 0.5, வாஷர் 0.7, ஆக 4.7 மில்லி. அதற்கு மேல் இரண்டு மில்லி மட்டும் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இதற்கு மேல் நீளம் விட்டால் அடிக்கும்போது கம்பி தோலுக்குள் வளைந்து உட்காரும், அன்றைக்கு இறுக்கமாகத் தெரியும், ஒரு மாதத்தில் ஆடும். தலையை எஃகுக் குழியில் வைத்து, பின்னாலிருந்து சின்னச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். ஓங்கி ஒரே அடி அடித்தால் முன்பக்க ஈயம் பிளந்துவிடும். பத்துத் தகடு, தகட்டுக்கு நாலு, நாற்பது ரிவிட். ஓட்டைகளை மொத்தமாக முதலிலேயே போட்டுவிடாமல் ஒவ்வொரு தகடாக அடித்துக்கொண்டே அடுத்ததைக் குறியுங்கள். அரை மில்லி பிசகு பத்தாவது தகட்டில் அரை சென்டிமீட்டர் ஆகிவிடும்.

சாயமும் மெழுகும் ரிவிட்டுக்கு முந்திய வேலை. பெரியமேட்டு ஸ்பிரிட் சாயம் போதும், இரண்டு மெல்லிய கோட். ஓரத்தை ஈரப்படுத்தி மரக் கட்டையால் சூடேறத் தேய்த்தால் கண்ணாடி மாதிரி மூடிக்கொள்ளும். பூச்சுக்குத் தேன்மெழுகு ஒரு பங்கு, விளக்கெண்ணெய் இரண்டு பங்கு, தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கியது. தேங்காய் எண்ணெய் வேண்டாம், சிக்கு வாடை வரும். எண்ணெய் மிதமாக இருக்கட்டும். கொழுப்பில் உள்ள அமிலம் பித்தளையைத் தின்று ரிவிட் தலையைச் சுற்றிப் பச்சைக் களிம்பு கட்டும், அது உடையில் ஒட்டினால் போகாது. பின்பக்க வாஷர்களைச் சுற்றித்தான் முதலில் கட்டும், பழைய டூத் பிரஷ்ஷால் அவ்வப்போது தேய்த்து எடுங்கள்.

முன்னால் தொங்கும் குமிழ் வைத்த வார்கள் விருப்பம்தான். இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் நாலிலிருந்து ஆறு வார், ஒன்றரை மில்லித் தோல், நுனியில் பிறை வடிவத் தொங்கல். நடக்கும்போது சலசலவென்று சத்தம் வரும், நாடகக்காரர்களுக்கு அது பிடிக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பட்டைத் தோல் பூஞ்சை பிடிக்கும். கடற்கரையை ஒட்டிய வீடுகளில் இன்னும் சீக்கிரம். பாலித்தீன் கவரில் கட்டி வைப்பதுதான் பெரும்பாலான பெல்ட்டுகளைக் கொல்கிறது. பருத்தித் துணியில் சுற்றி, மடிக்காமல் வளையமாகவே தொங்கவிடுங்கள். வெள்ளையாகப் பூத்துவிட்டால் உலர்ந்த துணியால் வெளியில் வைத்துத் துடைத்து, நிழலில் ஒருநாள் காற்றாட விட்டு, மெழுகை ஒரு கை பூசினால் போதும். ரிவிட் தளர்ந்தால் பெரியமேட்டுக்கே திரும்ப எடுத்துப் போகலாம், ஆனால் மெஷின் ரிவிட் போட்டுத் தருகிறேன் என்பார்கள். கம்பித் துண்டையும் வாஷரையும் கையில் கொண்டுபோய், “இதையே அடிச்சிக் கொடுங்க பாய்” என்று நின்று வாங்கிக்கொண்டு வாருங்கள்.